அச்சு விடும் நேரம்

ஆவணி மாதத்துப் பிற்பகல். விருத்தாசலத்தில் கொலு பொம்மை வார்க்கும் கொட்டகை. தங்கை மகளுக்கு ஏழு வயது. எதிரே ரப்பர் பட்டை போட்டு இறுக்கிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. உள்ளே மோர்போலக் கரைத்த களிமண் கூழ். பிறக்கப்போவது யானை.

அச்சு நீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க மண் அதன் சுவரில் தோலாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மண் சற்றே சுருங்கி, தானாகவே அச்சை விடும். எல்லாம் எனக்குத் தெரியும், சொல்ல நாக்கு துடித்தது. வேலைசெய்யும் அக்கா கண்ணாலேயே என்னை அடக்கினார்.

பிரித்தாள். தும்பிக்கை ஒரு பாதியில், முகம் மறு பாதியில்.

“வாளியில போடு கண்ணு, நாளைக்கி வேற பொம்மையாயிடும்.”

வாளியில் அன்றைக்கு உடைந்த காதுகளும் கால்களும் ஊறிக்கொண்டிருந்தன. அவள் குந்தி உட்கார்ந்தாள். நெடுநேரம் கழித்து, “மாமா, காஞ்ச காது ஒடனே கரையிது, என் தும்பிக்கை ஈரமா இருக்கு, கரையவே மாட்டேங்குது” என்றாள். உண்மைதான். எலும்பாய்க் காய்ந்த மண் நீரை ஒரே இழுப்பாக இழுத்து உதிரும். ஈர மண் அசையாது. இத்தனை முறை இங்கே வந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

சூளைக்குப் பின்னால் சுட்ட சில்லுகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துத் தனியாக ஒரு டப்பாத் தண்ணீரில் போட்டாள். மறுநாள் வந்து பார்த்தாள். அப்படியே கிடந்தது. சூடு 600 டிகிரியை எட்டுவதற்குள் களிமண்ணுக்குள் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது, பிறகு அது கூழாகாது. செராமிக் பாலிடெக்னிக் உள்ள ஊர், இதைப் பாடமாகவும் படிக்கலாம். அவளுக்கு டப்பா போதுமாக இருந்தது.

உடைவதும் ஒரு பாடம்தான். 1939இல் அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அவர் முறையில் நடந்த பள்ளிகளில் குழந்தைகளுக்குப் பீங்கான் தட்டும் கண்ணாடித் தம்ளரும்தான். உடையும் என்பதற்காகவே அவை. நம் வீட்டு எவர்சில்வர் விழுந்தால் சத்தம் போடும், நாமும் கூடவே சத்தம் போடுவோம். கைக்கு எதுவும் தெரிவதில்லை.

இதே விருத்தாசலத்தில் சிவன் தந்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம் சுந்தரர். எனக்குப் பிடித்தது வேறு: போடுமுன் மாற்று உரைத்துப் பார்க்க ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். கொடுத்தவன் கடவுளே ஆனாலும்.

இரண்டாம் யானை. இம்முறை அச்சின் வாயை அவள் தொடவில்லை; குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். விளிம்பு மண்ணில் ஈரப் பளபளப்பு மங்கியது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சுட்டு வந்ததை அடுத்த வாரம் வாங்கப் போனோம். சுடாத யானை ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி விரலால் அளந்தாள்.

“அக்கா, என்னுது எளச்சுப்போச்சு.”

“சூளைக்குள்ள போனா அப்பிடித்தான்.”

பேருந்தில் அதை மடியில் வைத்திருந்தாள், தும்பிக்கையைப் பிடிக்காமல், வயிற்றுக்கடியில் இரண்டு கையும் கொடுத்து.