முதல் வகுப்புப் பிள்ளையும் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் போர்வையும்

  



பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. காலை எட்டரை மணிக்கு நம் மஹல்லாவின் தெருவில் நின்று பாருங்கள். புதுப் பை, புதுச் சீருடை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். எல்லாம் புதிது, பிள்ளையின் முகத்தில் மட்டும் அழுகை. சென்ற வாரம் ஒரு சகோதரர் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஹஜ்ரத், பள்ளிக்கூடம் என்றாலே நடுங்குகிறான், கொஞ்சம் ஓதிப் பாருங்கள்" என்றார். ஓதி ஊதிவிட்டேன். அதோடு ஒரு சம்பவத்தையும் சொல்லி அனுப்பினேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹிரா குகையில் நடந்தது நாம் அனைவரும் அறிந்ததுதான். வானவர் ஜிப்ரீல் (அலை) வந்து ஓதச் சொன்னார்கள். தமக்கு ஓதத் தெரியாது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மூன்று முறை இறுக அணைத்துவிட்டு, முதல் வசனங்களை ஓதிக்காட்டினார்கள். நபியவர்கள் இதயம் படபடக்க வீட்டுக்கு வந்து, தம்மைப் போர்த்துமாறு கேட்டார்கள். ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே இந்த ஹதீஸ் வருகிறது.

வஹியின் கனத்தோடு நம் பிள்ளையின் பாடத்தை நான் ஒப்பிடவில்லை, அஸ்தஃக்ஃபிருல்லாஹ். ஆனால் அன்று அந்த வீடு என்ன செய்தது என்று பாருங்கள். அறிவின் வாசலில் முதன்முதலாக நின்று, நடுங்கி வரும் ஒருவரை வீடு எப்படி ஏந்த வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. அன்னையவர்கள் நான்கு காரியங்கள் செய்தார்கள்.

முதலாவது: போர்த்தினார்கள்

என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று வாசலில் நிறுத்திக் கேட்கவில்லை. பயம் தெளியும் வரை போர்த்திவிட்டார்கள். பேச்சு அதன் பிறகுதான்.

நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்றைக்கு என்ன எழுதினாய்? நோட்டைக் காட்டு" என்கிறோம். நான்கைந்து மணி நேரம் அறியாத முகங்களுக்கு நடுவே அடங்கி உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளை அது. மடியில் உட்கார வையுங்கள். சாப்பாடு கொடுங்கள். ஓடி விளையாட விடுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டே வீடு வரும் பிள்ளைகளும் உண்டு, அதையும் கவனியுங்கள். இரவில் இஷா தொழுததும் செல்போனை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூங்க வையுங்கள். காலை அழுகையில் பாதி, முந்தைய இரவின் தூக்கக் குறைவுதான்.

இரண்டாவது: கேட்டார்கள்

பயம் தெளிந்ததும் நபியவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். தம்மைப் பற்றித் தாமே அஞ்சுவதாகவும் சொன்னார்கள். அன்னையவர்கள் அதை அலட்சியம் செய்யவில்லை.

"இதற்கெல்லாம் அழுவார்களா? ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று சொல்லாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு "பயமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியாது. "வயிறு வலிக்கிறது" என்றுதான் சொல்லும். "யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்? யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். காரணம் தானாக வெளியே வரும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகளை முதல் நாள் விடப் போனபோது என் ஜுப்பாவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "பிஸ்கட் வாங்கிக்கொண்டு இப்போதே வருகிறேன், இங்கேயே நில்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அழைக்கப் போனேன். அவள் அழவில்லை. "அத்தா, பிஸ்கட் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். மிம்பரில் நின்று உண்மையைப் பற்றிப் பேசுகிற என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு ஒரு மாதம் நான் பால் வாங்கப் போனாலும் வாசல் வரை ஓடி வந்து, "திரும்பி வருவீங்களா?" என்று கேட்டாள்.

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார், "வா, ஒன்று தருகிறேன்" என்று கூப்பிட்டார். வீட்டில் இருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன தரப்போகிறீர் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் பெருமானார். அபூதாவூதில் வரும் ஹதீஸ் இது. ஆகவே, சொல்லாமல் நழுவாதீர்கள். ஸலாம் சொல்லுங்கள், எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு நில்லுங்கள். பிள்ளை கொஞ்சம் அழும். ஆனால் உங்கள் சொல்லை நம்பும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் வகுப்பறையில் மனம் நிற்கும்.

மூன்றாவது: நல்லதை எடுத்துச் சொன்னார்கள்

அல்லாஹ் உங்களை ஒருபோதும் கைவிடமாட்டான் என்று கூறி, உறவைப் பேணுவது, பிறர் சுமையைச் சுமப்பது, விருந்தினரை உபசரிப்பது என்று நபியவர்களின் நற்குணங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்கள் அன்னையவர்கள்.

நாமோ, "பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசிடி முழுக்கச் சொல்கிறது, நீ?" என்கிறோம். குர்ஆனையே அல்லாஹ் ஒரே நாளில் இறக்கவில்லை. 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக இறக்கினான். உள்ளத்தை உறுதிப்படுத்தவே அப்படி இறக்கியதாக ஃபுர்கான் சூராவில் அவனே சொல்கிறான். தொழுகையை ஏவுவதற்கே ஏழு வயது வரை நமக்கு அவகாசம் தந்த மார்க்கம் இது. நான்கு வயது விரல் பென்சிலைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று நாம் ஏன் அவசரப்படுகிறோம்? சப்பாத்தி மாவை உருட்டக் கொடுங்கள், மணலில் விரலால் கோடு போட விடுங்கள். விரலுக்கு வலு வந்தால் எழுத்து தானே வரும்.

"பள்ளியில் பாட்டும் விளையாட்டும்தான் நடக்கிறது" என்றும் சிலர் குறைப்படுகிறார்கள். நம் மாநில அரசுப் பள்ளிகளில் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டு, கதை, செயல்பாடுகள் மூலமாகத்தான் கற்றுத் தருகிறார்கள். அதுவும் படிப்புதான். வீட்டில் தமிழில் ஒரு நபிமார் கதை சொல்லுங்கள். கதை கேட்டுப் பழகிய காது, எந்த மொழிப் பாடத்தையும் பொறுமையாகக் கேட்கும்.

நான்காவது: அறிந்தவரிடம் அழைத்துச் சென்றார்கள்

அன்னையவர்கள் ஆறுதலோடு நிறுத்தவில்லை. முந்தைய வேதங்களை அறிந்த வரகா பின் நவ்ஃபலிடம் நபியவர்களை அழைத்துச் சென்றார்கள். நீங்களும் ஆசிரியரிடம் போங்கள். சண்டை போட அல்ல, ஆலோசிக்க. பிள்ளை கழிவறைக்கு எப்படிக் கேட்கும், வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், எதற்குப் பயப்படும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். வாரங்கள் கடந்தும் அழுகை குறையவில்லை என்றால், பேச்சோ கேள்வியோ குறைவாகத் தெரிந்தால், ஓதிப் பார்ப்பதோடு மருத்துவரையும் பாருங்கள். இதை அம்மாமார்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பைக்கை அணைக்காமலே பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் அத்தாமார்களே, வாரத்தில் ஒரு நாளாவது வகுப்பு வாசல் வரை நடந்து போங்கள்.

நம் மக்தபுக்கும் இதே பாடம்தான். நானும் பிரம்பு பிடித்தவன்தான். பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அல்லாஹ்வின் வேதம் ஓத வரும் இடத்தில் அதைவிடக் குறைந்த இரக்கமா இருப்பது? நம் மக்தபிலிருந்து பிரம்பை எடுத்துவிட்டோம். இந்த ஆண்டு புதிதாகப் பள்ளி சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் அரை மணி நேரம் மட்டுமே ஓதல். தூக்கம் வந்தால் பாயில் படுத்துக்கொள்ளட்டும்.

நல்லடியார்களே! இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் எதையும் விசாரிக்காதீர்கள். முதலில் அணைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த வீட்டில் முதலில் கிடைத்தது கேள்வி அல்ல, போர்வை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயத்தைப் போக்கி, பயனுள்ள கல்வியைத் தருவானாக! நம் சொல்லில் உண்மையையும், நம் வீடுகளில் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் நிதானத்தையும் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.