கூலி வாங்காத புத்திமதி

நாம் தொழிலாற் கணக்காளர் என்பதை ஆலய அடியார்கள் அறிவீர்கள். நாற்பத்தைந்து வயதில் மாலை வேளைகளிற் கல்லூரிக்குப் போய் பராலீகல் படிக்கிறோம் என்பதும் இப்போது பரவிவிட்டது. "உந்த வயதிலை ஏன்?" என்று கேட்டோருக்கு இதுவரை சிரித்துச் சமாளித்தோம். இன்று காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்ராறியோவில் 2007 முதல் பராலீகல் தொழிலுக்குச் சட்டச் சங்கத்தின் உரிமம் வேண்டும். சிறு வழக்கு நீதிமன்றம், வீதிக் குற்றங்கள், வீட்டு வாடகைப் பிணக்கு, அகதி விசாரணை ஆகியவற்றில் அவர்கள் பிறருக்காகத் தோன்றலாம். அங்கீகரித்த படிப்பு, குறைந்தது 120 மணி நேரக் களப்பயிற்சி, பின்னர் பரீட்சை, நன்னடத்தை விசாரிப்பு. பாட்டனார் காலத்து அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பிரிவைச் சொன்னால் எமது முதியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். முழுதும் பொருந்தாதுதான்.

ஆனால் ஊரில் இவர்கள் இருவரையும்விட எளியவர்களுக்கு நெருங்கியவர், கச்சேரி வாசலிற் பெற்றிசம் எழுதிக் கொடுத்தவர். 2010 இல் அகதியாக இங்கு வந்து, விசாரணையில் ஏற்கப்பட்டு, ஆங்கிலம் சற்றுத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்ததும் அந்த வேலை எம்மிடம் வந்து சேர்ந்தது. எமது குசினி மேசையில் எத்தனையோ படிவங்கள் நிரப்பப்பட்டன. கூலி வாங்கியதில்லை. மாம்பழப் பெட்டி வரும், சில வேளை ஒடியற் கூழும் வரும். அதைத் தொண்டு என்றே எண்ணி உள்ளூரப் பெருமைப்பட்டோம்.

2018 மாரியில் பேஸ்மென்ற் ஒன்றில் இரண்டு பிள்ளைகளுடன் குடியிருந்த ஒருவர் என்-12 படிவத்தைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் மகனைக் குடியிருத்தப் போகிறாராம், அறுபது நாளில் வெளியேறும்படி அறிவித்தல். "அண்ணை, இதை ஒருக்காற் பாருங்கோ" என்றார். பார்த்தோம். "அறுபது நாள் தந்திருக்கிறார், சட்டப்படிதான். கரைச்சற் படாமல் வேறை இடம் பாருங்கோ" என்றோம். பள்ளித் தவணை நடுவில் அந்தக் குடும்பம் எழும்பிப் போனது.

கடந்த வருடம் வகுப்பில் வாடகைச் சட்டம் படிப்பித்தார்கள். அந்தப் படிவம் வெறும் அறிவித்தல். குடியிருப்பவர் மறுத்தால் சபை விசாரித்துக் கட்டளை இட்ட பின்னரே வெளியேற்றலாம். ஒரு மாத வாடகையை நட்டஈடாகக் கொடுக்கவும் வேண்டும். சொன்ன காரணம் பொய்யென்றால், போனவர் ஒரு வருடத்துக்குள் முறையிடலாம். அன்று இவற்றில் ஒன்றையும் நாம் சொல்லவில்லை. மகன் வந்து குடியிருந்தாரோ என்று விசாரிக்கவும் இல்லை.

தெரியாமற் சொன்னோம் என்று மனதை ஆற்றியிருக்கலாம். ஆனால் இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டுக்காரரின் வரிக்கணக்கை வருடாவருடம் பணம் பெற்றுச் செய்தவர்கள் நாமே. திருவிழா உபயத்திலும் எமக்கு அருகில் நிற்பவர். "கரைச்சற் படாமல்" என்றபோது யாருடைய கரைச்சலை நினைத்தோம்? வந்தவரின் கடுதாசியைப் பார்த்தபோதே எமக்கு வீட்டுக்காரரின் முகமும் தெரிந்தது. வகுப்பில் இதற்கு நலன் முரண்பாடு என்று பெயர். இரு பக்கத்தாரையும் உட்கார்த்திச் சமாதானம் பேசுவது எங்கள் ஊர் வழக்கம். இருவரும் அறிந்து சம்மதித்தால் அதிற் பிழையில்லை. ஒருவருக்கு நிற்பதாகச் சொல்லி மற்றவரைக் காப்பதுதான் பிழை. பணம் வாங்காததால் அது கூடுதலாக மறைந்து போகிறது, யாரும் கணக்குக் கேட்பதில்லை.

அவரிடம் போய்ச் சொன்னோம். "விடுங்கோ அண்ணை, நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னியள்" என்று தேத்தண்ணி தந்தார். ஏசியிருந்தால் இதைவிட இலகுவாக இருந்திருக்கும்.

சட்டச் சங்கத்தின் விதியிலும் அயலவருக்கு இடம் உண்டு. தொழிலாக அல்லாது, கூலி எதிர்பாராது, நண்பருக்கோ அயலவருக்கோ ஆண்டில் மூன்று விடயங்கள்வரை உதவலாம். அன்பையும் எண்ணிக் கொடுத்திருக்கிறார்களே என்று முதலிற் சிரித்தோம். பிறகு எமது மேசைக்கு வந்துபோனவர்களை நினைத்துப் பார்த்தோம். ஒரு மாதத்திலேயே மூன்றைத் தாண்டியிருக்கிறோம். அவற்றில் எத்தனை பேரைப் பிழையான வழியில் அனுப்பினோமோ, அதற்கு ஏடும் இல்லை, பதிவும் இல்லை.

இப்போது உரிமம் கிடைக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று இருக்கிறோம். இது சிலருக்குக் கோபம். படிக்கப் போனவர் பயன்படாமற் போனார் என்கிறார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை: ஆங்கிலம் தெரியாத ஒருவர் எங்கே போவது?

சென்ற வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, பாதணி வைக்கும் இடத்தில் ஒரு தாயார் கடித உறையொன்றை நீட்டினார். வாசித்து, எந்தச் சபை, எத்தனையாம் திகதி, எத்தனை மணி என்று தமிழிற் சொன்னோம். சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் அரை மணிவரை கட்டணமின்றிக் கதைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். துண்டை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"தம்பி முந்தி இப்பிடி இல்லையே" என்றார்.