அழகும் ஆய்வுக்கு உட்பட்டதே!

பிறர் போற்றும் கொள்கையை ஐயுறுவது எளிது. நாம் போற்றும் கொள்கையை நாமே ஐயுறுவது அறமா, துரோகமா? விடை தேடி அறிவியலின் வாயிலுக்குச் செல்வோம், வாருங்கள்!

இயற்கைக்கு இடமும் வலமும் ஒன்றே. கண்ணாடியில் தெரியும் உலகுக்கும் அதே விதிகள் பொருந்தும் என இயற்பியல் அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினர். அழகிய கொள்கை! 1956-இல் லீ, யாங் என்னும் இருவர், அணுக்கருவின் பீட்டாச் சிதைவிலும் இது மெய்தானா என வினவினர். ஏடுகளைப் புரட்டினர். நம்பியோர் பலர், அங்கே சோதித்துக் காட்டியோர் எவருமிலர்!

வூ அம்மையார் துணிந்தார். வாசிங்டனில் அவர் குழுவினர், கோபால்ட்-60 அணுக்களைக் குளிரின் கடைசி எல்லைக்கு அருகே கொண்டுசென்று, அவற்றின் சுழற்சியைக் காந்தத்தால் ஒருமுகப்படுத்தினர். எலக்ட்ரான்கள் இருபுறமும் சமமாகப் பாயவில்லை. ஒருபுறமே மிகுதியாகப் பாய்ந்தன. இயற்கை இடம் வலம் அறிந்திருந்தது! 1957-இல் கொள்கை சாய்ந்தது. அது வெல்லுமெனப் பந்தயம் கட்டவும் முனைந்த மேதை பௌலி, முடிவு கண்டு முரண்டு பிடித்தாரா? இல்லை, ஏற்றார்.

சாய்ந்தது ஒன்று, நிற்பதும் ஒன்று உண்டு. எத்திசை நோக்கினும், எச்சீரான விரைவில் செல்லினும், இயற்கை விதி ஒன்றே என்பது ஐன்ஸ்டைன் 1905-இல் வகுத்த சார்பியலின் அடித்தளம். ஐன்ஸ்டைன் சொன்னார் என்பதற்காக விட்டுவிட்டனரா? அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், நிலத்தடி உப்புப் படுகையில், எக்சோ-200 என்னும் கருவி கொண்டு செனான்-136 அணுக்களைக் கண்காணித்தனர். அவற்றில் பாதி சிதைய ஏறத்தாழ இரண்டு கோடி கோடி கோடி ஆண்டுகள் வேண்டும். பேரண்டத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகளே! ஆயினும் கோடானுகோடி அணுக்களைத் திரட்டினால் ஆங்காங்கே ஒன்று சிதையும். அப்போது வெளிப்படும் இரு எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தனர். விதி பிறழ்ந்தால் அவ்வாற்றலின் பரவல் திரிந்திருக்கும். 2016-இல் வெளியான முடிவு: அக்கருவியின் நுட்பத்துக்கு எட்டிய வரை பிறழ்வு இல்லை!

உழைப்பு வீணா? அன்று! சோதிக்கப்படாத கொள்கை வெறும் நம்பிக்கை. சோதனையில் நின்ற கொள்கை, அந்த அளவுக்கு அறிவு. சாய்ந்த கொள்கையும் நின்ற கொள்கையும் ஒரே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டன. அழகுக்கும் சலுகையில்லை, புகழுக்கும் சலுகையில்லை.

ஆகவே சொல்கிறோம்: தன் கொள்கையை ஐயுறுவது துரோகமன்று, அறமே! வினாவுக்கு அஞ்சி மூடிவைப்பவனே கொள்கைக்குத் துரோகி. இளைஞர்களே, மாற்றாரைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்போம். நாம் ஏற்ற கொள்கைகளுள் இன்னும் சோதனைக் கூண்டு ஏறாதது எது?