விரும்பிச் சென்றவரும் விலக்கப்பட்டவரும்

பிணியாளருக்குப் பணிசெய்தல் அறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடல்கடந்து, முன்பின் அறியாத மக்களிடையே தாமே விரும்பிச் செவிலியராகச் செல்வோரை உலகம் புகழுங்கால், அப்புகழ் எதற்கு உரியது என்று நாம் ஆராய்தல் வேண்டும். சென்ற தொலைவிற்கா, துறந்த சுகத்திற்கா, செய்த பணிக்கா?

பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகளின் வரலாறு இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் உதவுகின்றது. தொழுநோயாளரைப் பிரித்துவைக்கும் சட்டம் அங்கே 1865-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1866 முதல் அவர்கள் மொலோக்காய்த் தீவின் வடகரையிலுள்ள கலாவுபாபா என்னும் நிலமுனைக்கு அனுப்பப்பட்டனர். மூன்று புறமும் கடல். நான்காம் புறம் செங்குத்தான மலைச்சுவர். 1969-இல் அச்சட்டம் நீங்கும்வரை அங்குச் செலுத்தப்பட்டோர் ஏறக்குறைய 8,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அம்மண்ணின் பூர்வகுடிகளே.

செவிலியர் வேண்டி ஹவாய் அரசு பல துறவியர் சபைகளைக் கேட்டது. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரிலிருந்த கத்தோலிக்கக் கன்னியர் சபையின் தலைவி மரியான் கோப் அம்மையார் இசைந்து, ஆறு சகோதரியருடன் 1883-இல் ஹொனலூலு சேர்ந்தார். 1888-இல் கலாவுபாபா புகுந்தார். 1918-இல் இறக்கும்வரை அங்கேயே பணிசெய்தார். அவருக்கு முன் 1873-இல் அங்குச் சென்ற பெல்ஜிய நாட்டுத் தாமியன் பாதிரியார், அந்நோய் தம்மையும் பற்ற, 1889-இல் மாண்டார். அம்மையாரோ தூய்மையையும் கைகழுவுதலையும் தவறாத விதியாக்கினார். அவருடன் பணிசெய்த சகோதரியருள் ஒருவரையும் அந்நோய் பற்றவில்லை.

இருவரும் போற்றத்தக்கவரே. ஆனால் நோயுற்று மாண்டவரின் தொண்டே பெரிது, நலமுடன் இருந்தவரின் தொண்டு சிறிது என்று எண்ணுவோமாயின், நாம் தொண்டரை நோக்கிப் பிணியாளரை மறந்தவராவோம். பிணியாளர் வேண்டுவது தொண்டரின் துன்பத்தையன்று. கட்டப்பட்ட புண்ணை, துவைத்த துணியை, வேளை தவறாத உணவை.

விநயபிடகத்தின் மகாவக்கம் நோயாளரைப் பேணுவோர்க்கு ஐந்து இயல்புகளை வகுக்கின்றது. மருந்தை ஆயத்தம் செய்ய வல்லராதல், நோய்க்கு ஆவதும் ஆகாததும் அறிதல், ஊதியம் கருதாது அன்பினால் பேணல், மலம் சலம் முதலியவற்றை அகற்ற அருவருக்காமை, அறவுரையால் நோயாளரை மகிழ்வித்தல் என்பன அவை. தொலைவு சென்றமை இவற்றுள் இல்லை. துன்பம் ஏற்றமையும் இல்லை. திறமையே முதலில் நிற்கின்றது. அன்பு மட்டும் உடையவராய்த் திறமையின்றிச் செல்வோர், பிணியாளர் மீது மற்றுமொரு சுமையாவர்.

இன்னுமொன்று கருதத்தக்கது. தொடக்க நாட்களில் நோயாளரைப் பிரிய மனமின்றி, நோயில்லாத கணவரும் மனைவியரும் பிற சுற்றத்தாரும் உடன் சென்றதுண்டு. இத்தகைய துணைவரைத் தீவினர் 'கோக்குவா' என்று அழைத்தனர். அவர்களும் விரும்பிச் சென்றவர்களே. அவ்விடத்தின் முதற் செவிலியரும் அவர்களே. அவர்தம் பெயர்களை உலகம் அறியவில்லை. தொலைவிலிருந்து வந்தோரின் தொண்டு கண்ணுக்குப் புலப்படுவதுபோல், அருகிருந்தோரின் தொண்டு புலப்படுவதில்லை போலும்!

இனிக் கடினமான வினாவிற்கு வருவோம். கொடிய சட்டத்தினுள் நின்று புண் கழுவுவோர் அச்சட்டத்திற்குத் துணைபோகின்றாரா? செவிலியர் வர மறுத்திருப்பின் அம்மலைச்சுவர் திறந்திராது. புண்கள் மட்டுமே கட்டப்படாதிருக்கும். ஆதலின் சென்றது குற்றமன்று. செவிலியரைப் புகழ்ந்துகொண்டே சட்டத்தைப் பற்றி வாய்திறவாதிருத்தலே குற்றம். 1946-இல் சல்போன் மருந்துகள் கலாவுபாபா வந்தன. நோய் மருந்துக்கு அடங்கியது. ஆனால் சட்டமோ மேலும் 23 ஆண்டுகள் அடங்கவில்லை. கிருமிக்கு மருந்து கண்ட பின்பும், மனிதனைத் தொட அஞ்சும் மனத்திற்கு மருந்து காணல் எளிதாயில்லை. அவ்வச்சத்தின் கொடுமையை நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

விரும்பிச் சென்றவர்க்கும் விலக்கப்பட்டவர்க்கும் உள்ள பெரும் வேறுபாடு ஒன்றே. முன்னவர் கப்பலேறித் திரும்பலாம். பின்னவர் திரும்ப இயலாது. அவ்வுரிமையே தொண்டரின் செல்வம். அதனை அவர் உணர்ந்து நடப்பாராயின், பிணியாளரைத் தமக்குக் கடன்பட்டவராகக் கருதார். அம்மையார் அங்கிருந்த பெண்களுக்கு நல்லாடைகள் தைத்தளித்ததும், தையல் கற்பித்ததும், மரங்கள் நட்டதும் இவ்வுணர்வின் செயல்களாகவே நமக்குத் தோன்றுகின்றன. நோயாளிக்கு மருந்து போதும்; மனிதருக்கோ அழகும் வேண்டும், தொழிலும் வேண்டும்.

1969-இல் சட்டம் நீங்கியபோது, பலர் வெளியேறாது அங்கேயே வாழ விரும்பினர். செவிலியர் வரும்போதே உடன் கொண்டுவந்த விருப்பம் என்னும் உரிமை, அந்நாளிலேதான் அவர்களுக்கும் கிட்டிற்று. ஆகலின், அன்பர்களே, தொண்டு செய்யப் புகுவோர் தம்மையே வினவிக்கொள்ள வேண்டுவது இது: நாம் சென்ற இடத்தில் நம் பெருமை வளர்ந்ததா, அவர்தம் உரிமை வளர்ந்ததா?