சிறுவாச்சூரைத் தாண்டும் பேருந்து

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் பேருந்து சிறுவாச்சூரைத் தாண்டும்போது, வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகும் பெண் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். மடியில் எள்ளுருண்டை டப்பா. நெற்றியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் குங்குமம்.

ஊரை விட்டுப் போனால் சாமியும் விட்டுப்போகுமா?

அவள் போகும் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெரிய வளாகத்தில் முதல் மாதம் பாடத்தைவிடப் பாரமாக இருப்பது, நாம் வேறு ஆளாகிவிட்டோமோ என்ற பயம்தான்.

மதுரகாளியே வெளியூர்க்காரி. மதுரையை விட்டு வந்த கண்ணகிதான் அவள் என்கிறது தலக்கதை. தங்க இடம் கேட்டவளுக்கு அங்கிருந்த செல்லியம்மன் தன் கோயிலையே கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாளாம். இன்றும் நடை திறப்பது வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான்; மற்ற நாள்களில் மதுரகாளியும் அந்த மலையில் இருப்பதாக நம்பிக்கை. அதற்காக அவளை ஊரை விட்டுப் போனவள் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் இவளைப் போன்ற குலதெய்வத்தை எல்லைக் காவல் என்று சொல்லிச் சொல்லியே, எல்லை தாண்டுவதைப் பெண்பிள்ளைகளுக்குக் குற்றமாக்கிவிட்டோம். அது பெரும் அநியாயம்.

திங்கட்கிழமை பாட்டி கோயிலிலேயே அரிசி இடித்து மாவிளக்கு போடுகிறாள். அன்று பேத்திக்கு முதல் செமஸ்டர் தேர்வு.