கண்டவனுக்குச் சொந்தமா?

கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடாதவர்கள் நம்மில் குறைவு. மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு துரும்பை நுழைத்துப் புதைத்துவிட்டு எதிராளியைப் பார்த்துச் சிரிப்போம். அவன் இரண்டு கைகளையும் கோத்து மணல்மேல் ஓரிடத்தில் பொத்துவான். துரும்பு கைக்குள் அகப்பட்டால் ஆட்டம் அவனுடையது. அந்தத் துரும்பு காலணா பெறாது. ஆனால் அதைத் தேடுகிற நிமிஷத்தில் அதைவிட விலை உயர்ந்த பொருள் உலகத்தில் கிடையாது. கிடைத்த மறுகணம் அதைத் தூக்கி எறிந்துவிடுவோம். தேடுவதில் இருக்கும் இன்பம் வேறு, அடைவதில் இருக்கும் இன்பம் வேறு என்பது ஏழு வயதில் மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தபோது நமக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிற்பாடுதான் மறந்துபோயிற்று.

இந்த விளையாட்டைப் பெரியவர்கள் உலகம் முழுவதிலும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று என் தமக்கை மகன் சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிங்கப்பூரில் படிக்கிறவன். ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயராம். எங்கோ ஒரு மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ ஒருவன் ஒரு டப்பாவை ஒளித்து வைக்கிறான். அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைக் கணக்கை எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறான். வேறொருவன் கைப்பேசியில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடிக் கண்டுபிடிக்கிறான். உள்ளே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதவேண்டும். பென்சில், பொம்மை, சாவி வளையம் என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்குச் சமமான இன்னொன்றை வைக்கவேண்டும். பிறகு டப்பாவை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்பவேண்டும். அவ்வளவுதான்.

"இதற்கா இவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்றேன்.

"சித்தன்னவாசலுக்கு எதுக்கு மாமா போறீங்க? சித்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவரவா?" என்று திருப்பிக் கேட்டான். பதில் சொல்லத் தெரியாத கேள்வியைக் கேட்பதற்கென்றே மருமகப் பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

இது புதிது என்று சொல்லவும் முடியாது. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற கரம்புப் பிரதேசத்தில், 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போவதற்கென்று கற்குவியலுக்குள் ஒரு ஜாடியை வைத்தார். இப்போதைய விளையாட்டு 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறந்தது. செயற்கைக் கோள்கள் இடத்தைக் காட்டுவதில் சுமார் 100 மீட்டர் வரை பிசகும்படி அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலப்படம் செய்துவைத்திருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் அதை நீக்கிவிட்டார்கள். மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, இடத்தின் கணக்கை ஊரறியச் சொன்னார். இன்று அப்படிப்பட்ட டப்பாக்கள் முப்பது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. யுத்தத்துக்கென்று வானத்தில் ஏற்றிய கருவிகளைக் கொண்டு பொம்மையும் பென்சிலும் தேடுகிற மனுஷப் பிறவியை நினைத்தால் எனக்கு ஒரு விதத்தில் பெருமையாகக்கூட இருக்கிறது.

சிங்கப்பூருக்குத் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவனோடு ஒருநாள் நானும் தேடினேன். இதன் தொல்லை என்னவென்று அன்றுதான் தெரிந்தது. கைப்பேசி நம்மை ஐந்தாறு மீட்டர் அருகில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கைகழுவிவிடும். மிச்சம் நம் கண்ணின் பாடு. ஒரு பூங்காவில், மழையில் ஊறிய ஒரு மரத்தை முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தோம். எறும்பு கடித்தது. கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதுகூடப் பெரிதல்ல. அது அங்கே இல்லாமல் கிடைக்கவில்லையா, இருந்தும் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லையா என்பது தெரியாமல் திரும்பவேண்டியிருக்கிறதே, அந்த வேதனை பொல்லாதது. கடவுளைத் தேடுகிறவர்களுக்கும் இதே சங்கடம் இருக்கத்தான் வேண்டும். அடுத்த இடத்தில் பெருவிரல் அளவு குப்பி ஒன்று வேலிக் கம்பியின் வாய்க்குள் இருந்தது. சுருட்டிய காகிதத்தில் எனக்கு முன் வந்தவர்களின் பெயர்கள். சீனப் பெயர், மலாய்ப் பெயர், ஐரோப்பியப் பெயர். தமிழில் என் பெயரை எழுதினேன். நாற்பது வயது தாண்டியவன், பத்து நாவல் எழுதி அட்டையில் பெயர் பார்த்தவன், அந்தத் துண்டுக் காகிதத்தில் கையெழுத்திட்டபோது அடைந்த சந்தோஷத்தை மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

சென்ற வருஷம் விடுமுறைக்கு வந்தவன், நம் பக்கத்திலும் ஒன்று வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். புதுக்கோட்டை ஜில்லாவில் ஒளித்து வைக்க இடத்துக்கா பஞ்சம்? குன்றும் குகையும் பொட்டலும் நிறைந்த சீமை. ஆனால் இங்கே மண்ணுக்குள் கைவிடுகிறவனை ஊர் ஒரே ஒரு கண்ணால்தான் பார்க்கும். எங்கள் புஞ்சைப் பக்கம் அவன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு கல்லைப் புரட்டிப் பார்த்ததுதான் தாமதம், ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் வந்து நின்றுவிட்டார்.

"என்ன தம்பி தேடுறீக? புதையலா?"

அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1898இல், இது மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆண்ட தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், புதுக்கோட்டைக்குக் கிழக்கே கருக்காக்குறிச்சியில் 500க்கு மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையில் சக்கரவர்த்திகளின் தலைகள். அந்தத் தலைகளில் பெரும்பாலானவற்றின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. காசாக மறுபடி செல்லக்கூடாது, பொன்னாக மட்டுமே மதிப்புப் பெறவேண்டும் என்பதற்காக வெட்டினார்களா, வேறு காரணமா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. கொஞ்சம் காசுகள் லண்டன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இவ்வளவு பொன்னைப் பதுக்கியவன் எவனோ, அதை எடுக்கத் திரும்பி வரவேயில்லை. இடத்தின் கணக்கு அவன் நெஞ்சோடு போய்விட்டது.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அவனைத்தான். யாரும் காணக்கூடாது என்று ஒளிப்பவன் ஒரு ஜாதி. யாராவது கண்டுபிடிக்கவேண்டுமே என்று ஒளிப்பவன் இன்னொரு ஜாதி. கதை எழுதுகிறவர்கள் இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தவர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு, இருபதாம் அத்தியாயம் வரையில் வாசகர் அதை மறந்துவிடக்கூடாதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.

சட்டம் முதல் ஜாதியை மட்டுமே அறியும். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் ஒளிந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைக் கண்டெடுத்தவன் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். உரிமையாளர் யாரும் இல்லையென்று முடிவானால், சர்க்கார் அதை எடுத்துக்கொள்ளாத பட்சத்தில், பொதுவாகக் கண்டவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. கண்டவனுடைய முதல் யோசனை மூடி மறைப்பதாகத்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டு, முக்கால் பங்கை ஆசை காட்டி அவனை யோக்கியனாக்கப் பார்க்கிற சட்டம் அது. கண்டதைக் கண்ட இடத்திலேயே வைத்துவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போகும் மனிதன் ஒருவன் இருக்கக்கூடும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

பையன் முதலில் டப்பாவைச் சித்தன்னவாசலில் வைக்கலாமா என்று கேட்டான். பிறகு அவனே, பழைய சின்னங்கள் இருக்கிற இடத்துக்குக் கேடு வரும்படி வைப்பது விளையாட்டின் விதிகளுக்கு விரோதம் என்றும் சொன்னான். இருந்தாலும் ஒருநாள் அங்கே போனோம். குன்றின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர். உள்ளே சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள். ஒன்றில், அது யாருக்காக, எந்த ஊரார் செய்து கொடுத்தது என்று கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துத் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. வேறு படுக்கைகளில் பல நூற்றாண்டுக்குப் பிந்திய எழுத்தில் சில பெயர்கள். துறவிகளே பொறித்தார்களோ, சீடர்கள் பொறித்தார்களோ! உடுக்கையும் உறவும் வேண்டாமென்று விட்டவர்களைக்கூடப் பெயர் விடவில்லை போலும்.

இந்த ஜில்லாவின் குன்றுகளில் நம் காலத்துப் பெயர்களும் இருக்கின்றன. பெயின்டில், கரியில், ஆணிக் கீறலில். அம்பு துளைத்த இதயங்களும் உண்டு. இவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் யோசித்துப் பார்க்கிறேன்: இத்தனை கஷ்டப்பட்டு ஏறி வந்தேன், இதைப் பார்த்தேன், நான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையைப் பொய் என்று சொல்லமுடியுமா? படுக்கை செய்து கொடுத்தவன் பெயரை எழுதினான். ஒன்றும் கொடுக்காதவன் எழுதினால் பாறைக்கு நஷ்டம். டப்பாவுக்குள் இருக்கும் நாலணா நோட்டு அந்த ஆசைக்கு ஒரு பாதகமில்லாத வடிகால் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துக் குன்றுக்கெல்லாம் அடிவாரத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்தால் எத்தனை பாறைகள் பிழைக்குமோ!

கடைசியில் எங்கள் புஞ்சையிலேயே, கண்மாய்க் கரையை ஒட்டிய கற்குவியலுக்குள் வைப்பது என்று முடிவாயிற்று. மூடி அழுத்தமான ஓர் எவர்சில்வர் டப்பா. உள்ளே நோட்டு, இரண்டு பென்சில், ஒரு கோலிக்குண்டு, சிங்கப்பூர்க் காசு ஒன்று. இரண்டு மாதத்தில் திருச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு வாலிபர்கள் பெயர் எழுதிப் போனார்கள். அப்புறம் ஒருநாள் போய்ப் பார்த்தால் டப்பாவைக் காணோம். நோட்டு மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி, காற்று கொண்டுபோகாமல் மேலே ஒரு கல்லையும் வைத்திருந்தார்கள். சிங்கப்பூர்க் காசு பைக்குள் பத்திரமாக இருந்தது.

டப்பா எங்கே போயிற்று என்பதை ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். நூறு நாள் வேலைக்குக் கண்மாய்ப் பக்கம் வந்த ஓர் அம்மாள் மதியச் சோற்றை அதில் கொண்டுவந்திருந்தாள். நான் கேட்கவில்லை.

போனில் சொன்னதும் பையன் குதித்தான். "திருட்டுத்தான் மாமா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

விதியை அந்த அம்மாளுக்கு யார் சொன்னது? காட்டில் கிடக்கும் நல்ல பாத்திரத்தைப் பார்த்தவள், இது யாரோ விட்டுவிட்டுப் போனது என்று எண்ணினாள். எழுத்து இருக்கிற நோட்டு யாருக்கோ வேண்டியது என்றும் எண்ணினாள். செல்லாத காசானாலும் பிறர் காசு என்று தொடவில்லை. தன் உபயோகத்துக்கு ஆவதை எடுத்துக்கொண்டு, பிறருக்கு வேண்டியதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். தேவைக்கு எடுப்பதும் விளையாட்டுக்கு எடுப்பதும் ஒரே செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டப்பா ஒரு டப்பாவாக மட்டும் தோன்றுகிற அளவுக்கு வீட்டில் டப்பாக்கள் இருப்பவர்களுக்குத்தான் இந்த விளையாட்டின் யோக்கியதை சுலபமாக வருகிறது. பையன் இதை ஒப்பவில்லை. "அப்போ அடுத்து வர்றவன் ஏமாந்து போவானே, அவனுக்கு என்ன பதில்?" என்கிறான். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. முகம் தெரியாத அடுத்த ஆளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் இல்லாவிட்டால் விளையாட்டு மட்டுமா, கண்மாய்கூட நிலைக்காது.

இப்போது ஒரு மலிவான பிளாஸ்டிக் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். மூடியின்மேல் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் தகராறு. 'எடுக்காதீர்கள்' என்று எழுதச் சொல்கிறான் அவன். 'பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள், உங்களுக்குப் பின்னும் ஆள் வரும்' என்று நான் எழுதியிருக்கிறேன். மூடி சிறியது, கடைசி வார்த்தை விளிம்பில் மடங்கிவிட்டது.