எளிதாய்க் கிடைத்த அருவி



“உள்ளூர் மாடு விலைபோகாது” என்று நம்மவர் சொல்லுவார்கள். அருகில் இருப்பதை மனிதன் மதிக்கமாட்டான். தொலைவில் இருப்பதைத் தேடிக் கால் தேய நடப்பான். எளிதாய்க் கிடைப்பது உண்மையிலேயே மதிப்பிற் குறைந்ததுதானா? இந்தக் கேள்வியை இவ்வாரம் ஒரு சிற்றருவியின் எதிரே நின்று யோசித்துப் பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபுறத்தில் மிஷிகன் என்று ஒரு மாநிலம். அதன் வடபகுதி, சுப்பீரியர் என்னும் பேரேரியின் தென்கரையிலே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் காட்டுப் பூமி. குளிர்காலத்தில் பனி கொட்டிக் குவிகிற இடம். அந்தக் கரையிலே மியூனிசிங் என்று ஒரு சிற்றூர். எதிரே ஏரிக்குள் ஒரு பெரிய தீவு. அந்தத் தீவைக் குறித்து ஓஜிப்வே என்னும் ஆதிகுடிகள் வழங்கிய சொல்லே ஊருக்குப் பெயராயிற்று. ஊரின் ஓரத்தில் இருக்கிறது நாம் பார்க்கப்போகும் மியூனிசிங் அருவி.

பெரிய அருவி என்று சொல்வதற்கில்லை. உயரம் சுமார் 50 அடி. புகழ்பெற்ற நயாகரா இதற்கு ஏறக்குறைய மும்மடங்கு உயரம். நீர்ப்பெருக்கிலோ இரண்டையும் ஒப்பிடவே கூடாது. இங்கே ஒரு சிற்றோடை, பாறை விளிம்பிலிருந்து வெள்ளைத் துணியை உதறி விட்டாற்போல இறங்குகிறது. அவ்வளவே.

போய்ச் சேருவதும் சிரமமில்லை. வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து சுமார் 800 அடி தூரத்துக்குத் தளம் போட்ட பாதை. நிதானமாய் நடந்தாலும் ஐந்தாறு நிமிஷம். பாதையின் இருபுறமும் பாசி படர்ந்த மணற்பாறைகள், பெரணிச் செடிகள், அவற்றுக்கு மேலே மேப்பிளும் பீச்சும் ஹெம்லாக்கும் கூடி நிழல் செய்யும் காடு. மேலே உள்ள பாறை அடுக்கு உரமானது. கீழே உள்ளது மிருதுவானது. கீழ்ப்பாறையை நீரும் பனியும் அரித்து அரித்து உட்குடைந்துவிட, மேற்பாறை மட்டும் கூரை இறவாணம் போல முன்னுக்கு நீட்டி நிற்கிறது. அதனால்தான் நீர் பாறையைத் தொடாமல் அந்தரத்தில் விழுகிறது. கடுங்குளிரில் இதே நீர் உறைந்து, நட்டு வைத்த தூண்போல் நின்றுவிடும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, அங்கே வந்து நிற்கிற ஒருவன், “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் திரும்பிப் போகக்கூடும். அவனே மூன்று மணி நேரம் முள்ளும் கல்லும் மிதித்து மலையேறி, மூச்சு வாங்க வந்து இதே 50 அடி நீரைப் பார்த்திருந்தால், “ஆகா!” என்று கைகூப்பியிருப்பான். இரண்டு சமயத்திலும் அருவி அதேதான், பாறையும் அதேதான். மாறியது எது? பார்க்க வந்தவன் மனம் அல்லவா?

பசித்தவனுக்குப் பழங்கஞ்சியும் அமுதம். ஆனால் கஞ்சியை ஆக்கியது பசி அல்ல. அதுபோலவே, பிரயாசை நம் கண்ணைத் திறக்கலாம். காணப்படும் பொருளின் மதிப்பை அது உண்டாக்குவதில்லை. மலையேறியவனுடைய பெருமை மலையேறியவனுக்குச் சொந்தம். அதை அருவியின் கணக்கில் எழுதுவது தவறு.

இன்னொன்றும் யோசியுங்கள். சமமான அந்தப் பாதை யாருக்காக? முழங்கால் தேய்ந்த பாட்டிக்காக. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாய்க்காக. சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத வாலிபனுக்காக. அரசாங்கப் பணத்தில் எழும்பும் கட்டிடங்களை உடல் ஊனமுற்றோரும் உபயோகிக்கும்படி அமைக்கவேண்டும் என்று அந்த நாட்டில் 1968-ம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. 1990-ம் ஆண்டில் அவர்கள் உரிமைகளைக் காக்க இன்னும் விரிவான சட்டம் வந்தது. மியூனிசிங் அருவிக்கு எதிரே உள்ள முக்கியமான மேடை வரைக்கும் சக்கர நாற்காலி போகும். அந்த வாலிபன் அங்கே வந்து முகத்தில் சாரல்காற்றுப் படும்படி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், மலையேறியவனுக்கு ஒரு சொட்டு நீராவது குறைந்துபோகுமா?

ஆனாலும் நம்முள் ஒரு குரல் முணுமுணுக்கிறது: “பாதை போட்டுக் கெடுத்துவிட்டார்கள். கண்டவனும் வருகிறான்.” நேசத்துக்குரிய வாசகரே, அந்தக் குரலைச் சற்றே சோதித்துப் பாருங்கள். அது காட்டின்மேல் உள்ள அன்பா? அல்லது, நான் கஷ்டப்பட்டு அடைந்ததைப் பிறர் கஷ்டமின்றி அடைகிறார்களே என்ற எரிச்சலா? இரண்டும் ஒரே உடுப்புப் போட்டு வரும், ஏமாந்துவிடக் கூடாது.

அதற்காக, எளிமையான வழி எப்போதும் நன்மையே என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த முணுமுணுப்பில் ஒரு நியாயமும் உண்டு. அதே இடத்தின் சரித்திரமே சாட்சி. 1860-களின் பிற்பகுதியில் இந்த அருவிக்கு அண்மையில் இரும்பு உருக்கும் உலை ஒன்றை நிறுவினார்கள். உலைக்குத் தீனி மரக்கரி. கரிக்கு வேண்டியது காட்டு மரம். கைக்கெட்டிய தூரத்து மரங்கள் முதலில் வீழ்ந்தன. உலை பத்தாண்டு அளவுக்குமேல் நீடிக்கவில்லை, அணைந்துபோயிற்று. மிஷிகன் மாநிலம் முழுவதிலும் அந்நூற்றாண்டில் இதே கதைதான். ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் நின்ற வெள்ளைப் பைன் மரங்களே முதலில் கோடரிக்கு இரையாயின. ஏன்? வெட்டி நீரில் மிதக்கவிடுவது சுலபம் அல்லவா? எட்டாத உள்நாட்டில் நின்றவை சில காலம் பிழைத்தன. அருகில் நின்றதே அவற்றின் குற்றம்!

பிற்காலத்தார் விழித்துக்கொண்டார்கள். 1966-ம் ஆண்டில் அந்த ஏரிக்கரையைத் தேசியக் காப்புக் கரையாக்க அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. மியூனிசிங் அருவியும் இன்று அதைச் சேர்ந்ததே. ஒரு காலத்தில் ஜனங்கள் அருவியின் பின்னே நுழைந்து நீர்த்திரைக்கு உட்புறமாக நடந்து போவதுண்டு. கற்கள் சரிந்து விழும் அபாயத்தால் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். பாதை திறந்திருக்கிறது; ஆனால் எல்லை ஒன்று வகுத்திருக்கிறது.

நமக்கு வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. எளிதாய்க் கிடைப்பது மதிப்புக் குறைந்தது அல்ல, ஆபத்து மிகுந்தது. எட்டாததை அதன் தூரமே காக்கிறது. எட்டியதைக் காக்க நம் மனச்சாட்சியைத் தவிர வேறு வேலி இல்லை. ஆகையால் வழி எவ்வளவு எளிதோ, அவ்வளவு கனமானது நம் கடமை. பாதையை மூடுவது நியாயமல்ல. பாதையில் வருகிறவன் பாதையோடு நிற்பதே நியாயம்.

இப்போது அந்த வடதேசத்துக் காட்டை விட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வாருங்கள். கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கும் தாய், எந்த வேளையில் வந்தாலும் சோறு எடுத்து வைக்கும் மனைவி, ராத்திரியில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் எழுந்து வரும் அண்டைவீட்டார்: இவர்களெல்லாரும் தளம் போட்ட பாதைக்கு அருகில் இருக்கும் அருவிகள். அருமையாய் வரும் விருந்தாளிக்குப் புதுப்பாய் விரிக்கிறோம். இவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவும் நேரமில்லை. அதுமட்டுமா? கைக்கெட்டிய மரத்தையே முதலில் வெட்டிய அந்த உலைக்காரர்களைப் போல, நம் கோபத்தையும் சலிப்பையும் இவர்கள்மேல்தானே முதலில் இறக்குகிறோம்?

அவர்களை அடைய நாம் மலையேறவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தப் பாதையை யார் செப்பனிட்டார்கள்? நாம் சிரமமின்றி வந்துபோவதற்காக அவர்களே தங்கள் தூக்கத்தையும் ஓய்வையும் தளமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு மிகவும் எளிதாய்க் கிடைக்கிற ஒருவர் பக்கத்தில், வேலை ஏதும் ஏவாமல், ஒன்றும் கேட்காமல், ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருங்கள்.